வேலிக்காத்தானுக்கு விதை கேட்ட கர்னல் பெட்டோம்

வேலிக்காத்தான் எனப்படும் சீமைக் கருவேலம் காமராஜர் ஆட்சியில்தான் வந்தது என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் உறுதியாகச் சொல்வார்கள். காமராஜர் முதல்வரானது 1954-ல். அதற்கு 77 ஆண்டு முன்பே, 1877-ல், இதன் விதை சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டது. கேட்டு வாங்கியவர் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் என்ற வன அதிகாரி.

1830-ல் லண்டனில் பிறந்தவர். வீட்டார் வக்கீலாக்க நினைத்தார்கள். அவரோ 18 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். மாகாணத்தின் புதிய வனத் துறைக்கு ஆள் தேடிய டாக்டர் கிளெக்ஹார்ன் 1857-ல் இவரை உதவியாளராக எடுத்துக்கொண்டார். அவருக்குப் பிறகு துறையின் தலைமைக்கு வந்து 1882 வரை பணியாற்றினார். நீலகிரி, ஆனைமலை என்று மலை மலையாக அலைந்து பெரணிகளையும் மரங்களையும் சேகரித்தார். தென்னிந்திய மரங்களைப் படத்துடன் விவரிக்கும் அவரது பெரிய நூல் 1869 முதல் 1873 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. பாம்பு, தவளை ஆராய்ச்சியிலும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. நாட்டு மரங்களை இவ்வளவு அறிந்த மனிதர்தான் வெளிநாட்டு முள்மரத்தையும் வரவழைத்தார் என்பதுதான் வேடிக்கை.

காரணம் விறகு. ரயில் எஞ்சின்கள் காட்டைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. 1876-ல் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. அந்த ஆண்டில்தான், வறண்ட நிலத்தில் வளரும் இந்த மரத்தின் விதையைத் தருவித்துத் தருமாறு மாகாண அரசின் வருவாய்த் துறைக்கு பெட்டோம் எழுதினார். ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நட்டார்கள். அவர் கேட்டது வறண்ட மேட்டு நிலத்துக்கு. ஏரிக்குள் விதைக்கச் சொல்லவில்லை.

ஏரிக்குள் கொண்டுபோனவை ஆடுமாடுகள். இனிப்பான நெற்றை அவை விரும்பித் தின்னும். கெட்டித் தோல் உள்ள விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து முளைக்கும். ஏரி நிறைந்து பல மாதம் நின்றால் இளங்கன்றுகள் பெரும்பாலும் அழுகிவிடும். குடிமராமத்து நின்று, வரத்துக் கால்வாய் தூர்ந்து, ஏரி சில வாரமே ஈரமாக இருக்கும் நிலை வந்தபோது கன்றுகள் பிழைத்துக்கொண்டன. கோரையும் நாணலும் இருந்த நீர்ப்பிடிப்பு முள்காடானது. கெடிலத்தின் படுகையும் தப்பவில்லை. ஓரளவு ஈரம் நிற்கும் வாய்க்காலை இன்னொரு விருந்தாளி பிடித்துக்கொண்டது. அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். ஆனால் ஊர் பெயர் வைத்து நெய்வேலிக் காட்டாமணக்கு என்றே தமிழ்நாடு முழுவதும் அழைக்கிறார்கள்! அதை ஆடு தொடர்ந்து தின்றால் நரம்புத் தளர்ச்சி கண்டு செத்துப்போகும்.

பணி முடித்து இங்கிலாந்து திரும்பிய பெட்டோம் 1911-ல் காலமானார். பழி முழுவதையும் அவர் தலையில் போடுவது சரியல்ல. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் இந்த மரத்தை நம்பிய குடும்பங்கள் ஏராளம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னபோது எழுந்த எதிர்க்குரல்களும் நியாயமானவையே. ஆனால் ஏரியின் உட்புறத்தில் இதற்கு இடம் தரக்கூடாது.

தரையோடு வெட்டினால் தூரிலிருந்து பத்துக் கிளை வெடிக்கும். நெற்று உதிருமுன், தூரை வேர்க்கழுத்துடன் தோண்டி எடுக்க வேண்டும். கரைமேல் பிடுங்கிய குழிகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மண் போட்டு இடித்து இறுக்கிவிட வேண்டும். இல்லையேல் கரை கசியும். உட்புற மேட்டில் நாட்டுக் கருவேலம் நடலாம். மாதக்கணக்கில் தண்ணீர் நின்றாலும் அது தாங்கும். அடுத்த இரண்டு மழைக்காலம் புதிதாக முளைக்கும் கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம்.