பெஞ்சமின் பிராங்கிளின்

இடி விழுந்து தலை கருகி நிற்கும் பனையை நமது தீவுப் பகுதியிலே காணாதவர் இலர். அவ்விடியினின்றும் கட்டடங்களைக் காக்கும் வழி கண்டவர் பெஞ்சமின் பிராங்கிளின்.

1706-ம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், மெழுகுதிரி செய்து விற்ற ஒருவரின் பதினைந்தாம் பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் சென்றது இரண்டே ஆண்டுகள். தமையனாரிடம் அச்சுத்தொழில் பயின்று, பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திப் பொருளீட்டி, 42-ம் வயதில் அதைவிட்டு விலகி மின்சார ஆராய்ச்சியில் மூழ்கினார்.

1752-ல் அவர் கூறிய முறைப்படி பிரான்சிலே நாட்டிய இரும்புக் கம்பியில் மின்பொறி எழவே, மின்னலும் மின்சாரமே என்பது உறுதியாயிற்று. அவர் பட்டம் விட்ட கதையைச் சிறுவரும் அறிவர். அதனினும் பெரிது, 1753-ம் ஆண்டுக்கென அவர் அச்சிட்ட பஞ்சாங்கத்திலே சொன்ன இடிதாங்கி முறை என்பேன். கம்பியின் மேல்முனை கட்டடத்தின் உச்சிக்கு மேல் 6 அல்லது 8 அடி உயர்ந்து நிற்க, கீழ்முனை ஈரமண்ணில் 3 அல்லது 4 அடி இறங்கவேண்டும்.

வாலிபர்காள், பலரும் அண்ணாந்து மேல்முனையையே பார்க்கின்றனர். காப்பதோ மண்ணுள் மறைந்த முனை. அதே 1753-ல் ருசியாவில் றிச்மன் என்னும் விஞ்ஞானி, நிலத்தோடு இணைக்காத கம்பியை வீட்டினுள் கொணர்ந்து அளவெடுக்கையில், மின்னல் அவருடலையே வழியாகக் கொண்டது, அவ்விடத்திலேயே மாண்டார். கோடையில் வறண்டுபோகும் நமது சுண்ணக்கல் தரையிலே கம்பி நாட்டுவோர் ஈரம் எவ்வளவு ஆழத்தில் உண்டென்று முதலிற் பார்ப்பது நன்று.

இடிதாங்கிக்குப் பிராங்கிளின் காப்புரிமை கோரவில்லை. எவரும் செய்துகொள்ள விட்டுவிட்டார். 1776-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். 1790 ஏப்ரல் 17-ந் தேதி, 84-ம் வயதில், பிலடெல்பியாவிற் காலமானார்.