வேலூரின் மருத்துவ அன்னை ஐடா ஸ்கடர் அம்மையார்

முன்னுரை

நோய் எல்லோர்க்கும் பொது. மருந்தும் அவ்வாறே பொதுவாக இருத்தல் வேண்டும். ஆயின் நோயுற்றோர் மருந்தை அடையும் வழி எல்லோர்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காண்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி புரிபவர் என்பன அந்நான்கு கூறுகள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவு பெறாது. நான்கும் இருந்தும் அவை ஓரிடத்தில் கூட இயலாமற் போனால் என்ன நேரும்? இவ்வினாவைத் தம் இருபதுகளில் எதிர்கொண்டு, அதற்கு விடை காணத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். வட ஆர்க்காட்டு மண்ணில் பிறந்து, வேலூரில் உலகறிந்த மருத்துவ நிறுவனத்தை உருவாக்கிய அவர்தம் வாழ்வை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் மரபும்

ஐடா அம்மையாரின் பாட்டனார் ஜான் ஸ்கடர் அமெரிக்க நாட்டு மருத்துவர். சமயப் பணியையும் மருத்துவப் பணியையும் ஒருங்கே மேற்கொண்டு 1819ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணப் பகுதியில் பணியாற்றிய பின்னர் அவர் சென்னைக்கு வந்தார். அவருடைய ஆண்மக்கள் எழுவர் தந்தையின் வழியிலேயே இந்தியாவில் பணிபுரிந்தனர். அவ்வெழுவருள் ஒருவரான இரண்டாம் ஜான் ஸ்கடருக்கும் சோபியா அம்மையாருக்கும் ஒரே பெண்மகவாக ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார்.

அவர் குழந்தையாக இருந்தபோது தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அதனைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் குறிப்பிடுவர். எலும்பும் தோலுமாய்த் தம் வீட்டு வாயிலில் வந்து நின்ற குழந்தைகளின் முகங்கள் சிறுமி ஐடாவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. அந்நினைவே அவரை இந்நாட்டினின்று விலகியிருக்கத் தூண்டிற்று எனலாம். கல்வி பெறுவதற்காக அமெரிக்கா சென்ற ஐடா, பெற்றோரின் கடும் வாழ்வு தமக்கு வேண்டாம் என்று கருதினார். தம் தாய்நாட்டிலேயே வசதியாக வாழ்வதே அவர் விருப்பமாக இருந்தது.

திருப்பம் தந்த இரவு

தாயார் நோயுற்ற செய்தி கேட்டு 1890ஆம் ஆண்டில் ஐடா தமிழகம் திரும்பினார். தந்தையார் அப்போது திண்டிவனத்தில் மருத்துவராக இருந்தார். தாயாருக்குத் துணையாகச் சில காலம் தங்கிவிட்டு அமெரிக்கா மீள்வதே ஐடாவின் எண்ணம். அவ்வெண்ணத்தை ஓர் இரவு மாற்றியது.

அவ்விரவில் அந்தண இளைஞர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். இளம்பருவத்தினரான தம் மனைவி மகப்பேற்று வேதனையில் துடிப்பதாகவும், ஐடா உடனே வந்து உதவ வேண்டும் என்றும் வேண்டினார். தாம் மருத்துவம் கல்லாதவர் என்றும், தம் தந்தையாரே மருத்துவர் என்றும், அவரை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் இல்லத்துப் பெண்ணைக் காண்பது வழக்கமன்று என்று கூறி அவ்விளைஞர் வருத்தத்தோடு திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில் முஸ்லிம் ஒருவர் அதே வேண்டுகோளுடன் வந்தார். அவரும் அதே விடை பெற்று, அதே மறுப்பைக் கூறித் திரும்பினார். பின்னர் மற்றோர் உயர்குடி இந்துவும் அவ்வாறே வந்து அவ்வாறே சென்றார். மறுநாட் காலையில் தெருவில் சாப்பறை ஒலித்தது. ஆள் அனுப்பி வினவியபோது, அம்மூன்று பெண்களும் இறந்துபட்டனர் என்ற செய்தி கிடைத்தது.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வள்ளுவர் கூறிய கூறுகளுள் நோயுற்றவர் இருந்தார், மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார், மருந்தும் இருந்தது. எனினும் அவை கூடவில்லை. வந்த மூவரும் மனைவியரின்பால் அன்பில்லாதவர் அல்லர். அன்பிருந்தமையாலேயே நள்ளிரவில் அயலவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அன்றியும், மூவரும் வெவ்வேறு பிரிவினர். ஆதலின் இதனை ஒரு சமயத்தாரின் குறையென்றோ ஒரு சாதியாரின் குறையென்றோ கூறுதல் பொருந்தாது. பெண்களின் நாணத்தையும் மரபையும் மதித்த அச்சமுதாயம், அப்பெண்களுக்கு மருத்துவம் செய்யத்தக்க பெண்களை உருவாக்கவில்லை. இக்குறையே அம்மூவர் உயிரையும் கொண்டது.

ஐடா அம்மையார் இதனை நன்குணர்ந்தார். திரையை விலக்குங்கள் என்று அவர் மக்களிடம் வாதிடவில்லை. திரைக்குள்ளே செல்லத்தக்க மருத்துவராகத் தாமே ஆவது என்று துணிந்தார்.

அத்துணிவு காலத்தோடு ஒத்ததே. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. அங்குப் பயின்றவருள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால், 1885ஆம் ஆண்டில் கோஷா முறையைக் கைக்கொண்ட மகளிர்க்கெனத் தனி மருத்துவமனை சென்னையில் தோன்றியது. திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று மூத்தோர் இன்றும் வழங்குவது அதனையே. எனினும் மாநகரில் தோன்றிய ஒரு மருத்துவமனை, திண்டிவனத்திலும் வேலூரிலும் சிற்றூர்களிலும் வாழ்ந்த பெண்களுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது.

மருத்துவக் கல்வியும் முதற் பணியும்

அமெரிக்கா சென்ற ஐடா பிலடெல்பியாவில் மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். பின்னர் நியூயார்க் நகரிலிருந்த கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு மாறி, அங்கு முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட பெண்களுள் ஒருவராக 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். வேலூரில் மகளிர் மருத்துவமனை எழுப்பப் பொருள் திரட்டியபோது, ஷெல் என்னும் வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். அந்நன்கொடையுடன் 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் இந்தியா வந்து சேர்ந்தார்.

தந்தையாரிடம் உடனிருந்து தொழில் நுட்பங்களைக் கற்கலாம் என்பது அவர் எண்ணமாக இருந்தது. வந்த சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். இளம் பெண் மருத்துவரை மக்கள் எளிதில் நம்பவில்லை. தந்தையாரின் இல்லத்தில் சிறிய அறை ஒன்றில் ஒற்றைக் கட்டிலுடன் அவர் பணியைத் தொடங்கினார். உதவிக்குச் செவிலியர் எவரும் இலர். வீட்டுப் பட்லரின் மனைவியே முதல் உதவியாளராக அமைந்தார். எனினும் இரண்டாண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகள் அச்சிற்றறையில் மருத்துவம் பெற்றனர். 1902ஆம் ஆண்டில் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை வேலூரில் திறக்கப்பட்டது.

சாலையோர மருத்துவம்

மருத்துவமனை எழுந்த பின்னரும் அம்மையாரின் உள்ளம் நிறைவு கொள்ளவில்லை. வந்தவரையெல்லாம் காத்தார், வர இயலாதவர் நிலை என்ன என்று எண்ணினார். கூலி வேலையை ஒருநாள் விட்டால் அன்று அடுப்பெரியாத குடும்பங்கள் சிற்றூர்களில் மிகுதி. வண்டிக்கூலி கொடுத்து வேலூருக்கு வருவது அவர்களால் இயலாது. ஆதலின் மருத்துவமே அவர்களிடம் செல்ல வேண்டும் என்று அம்மையார் முடிவு செய்தார்.

முதலில் மாட்டு வண்டியிலும், பின்னர்ப் பெஜோ மோட்டார் வண்டியிலும் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் சென்றார். அக்காலச் சிற்றூர் மக்கள் குதிரையும் மாடும் இன்றி ஓடிய அவ்வண்டியைக் கண்டு பேயென அஞ்சி ஓடினர் என்பர். நாளடைவில் அவ்வச்சம் நீங்கியது. குறித்த நாளில் குறித்த மரநிழல்களில் மக்கள் கூடிக் காத்திருந்தனர். புண்களுக்கு மருந்திட்டுக் கட்டுதல், கண்ணோய் தீர்த்தல், பல் பிடுங்குதல், கருவுற்ற மகளிரைப் பார்த்து அறிவுரை கூறுதல் முதலியன அம்மரநிழல்களிலேயே நடந்தன. உற்றார் உறவினராலும் ஒதுக்கப்பட்ட தொழுநோயாளிகளும் அங்கு மருத்துவம் பெற்றனர்.

தொலைவும் வறுமையும் கூட நோயை வளர்க்கும் காரணங்களே என்பது இன்றைய பொதுச் சுகாதாரத் துறை வலியுறுத்தும் கருத்து. அம்மையார் அதனைச் சாலையிலே கற்றார். சாலையிலேயே அதற்குத் தீர்வும் கண்டார்.

செவிலியர் பள்ளியும் மகளிர் மருத்துவக் கல்லூரியும்

வள்ளுவர் கூறிய நான்காம் கூறாகிய பணியாளரையும் உருவாக்க எண்ணி, 1909ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை அம்மையார் தொடங்கினார். பிறர் உடலைத் தொட்டுத் தூய்மை செய்யும் பணியை இழிவாகக் கருதிய காலத்தில் பெண்களை அப்பயிற்சிக்கு அழைத்துவருதல் எளிய செயலன்று. 1946ஆம் ஆண்டில் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பே தொடங்கும் அளவுக்கு அவ்விதை வளர்ந்தது.

ஒருவர் எத்துணை உழைப்பினும் ஒருவரே. திண்டிவனத்தில் ஓர் இரவில் நேர்ந்தது ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வோர் இரவிலும் நேர்ந்துகொண்டிருந்தது. ஆதலின் இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்க அம்மையார் உறுதி பூண்டார். அரசின் மருத்துவத்துறைத் தலைவர் இம்முயற்சி வெற்றி பெறும் என்று நம்பவில்லை. எனினும் 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் மகளிர் மருத்துவப் பள்ளி வேலூரில் தொடங்கப்பட்டது. சொந்தக் கட்டடம் இல்லை. கருவிகளும் மிகக் குறைவு. அரசுத் தேர்வில் ஆடவரே பெருந்தொகையினராகத் தோல்வியுறுவர். ஆதலின் இப்பெண்கள் தேறாவிடினும் மனம் தளர வேண்டா என்று முன்னதாகவே ஆறுதல் கூறப்பட்டது. தேர்வு எழுதிய பதினான்கு பெண்களும் தேர்ச்சி பெற்று அனைவரையும் வியக்கச் செய்தனர். அவர்கள் 1922ஆம் ஆண்டில் மருத்துவர்களாக வெளிவந்தனர்.

சோதனையும் மீட்சியும்

முப்பதுகளின் இறுதியில் பெருஞ் சோதனை ஒன்று நேர்ந்தது. மருத்துவச் சான்றிதழ்ப் படிப்பை நிறுத்தி, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பையே நடத்துதல் வேண்டும் என்று சென்னை மாகாண அரசு ஆணையிட்டது. மருத்துவக் கல்வியின் தரம் உயர வேண்டும் என்னும் நோக்கில் அவ்வாணை நியாயமானதே. ஆயின் பட்டப்படிப்புக்கு வேண்டிய படுக்கைகளும் ஆய்வுக்கூடங்களும் பேராசிரியர்களும் வேலூரில் இல்லை. பள்ளியை மூடிவிடும் நிலை ஏற்பட்டது. எழுபது வயதைக் கடந்திருந்த அம்மையார், உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பொருள் திரட்டினார்.

அங்கு மற்றொரு சிக்கலும் எழுந்தது. ஆடவரையும் சேர்த்துக்கொண்டு இருபாலர் கல்லூரியாக்கினால் பல திருச்சபைகளின் உதவி கிடைக்கும். மகளிர்க்கென்றே பொருள் வழங்கிவந்த பெண்மணிகள் சிலர் அதனை வன்மையாக எதிர்த்தனர். வாழ்நாள் தோழியரையும் பகைக்க நேரும் நிலையில், நிறுவனம் நிலைபெறுவதே முதன்மை என்று அம்மையார் முடிவு செய்தார். 1942ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக இணைப்புடன் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947ஆம் ஆண்டில் ஆடவரும் சேர்க்கப்பட்டனர்.

நிறைவு

1946ஆம் ஆண்டில் அம்மையார் பொறுப்பினின்று ஓய்வு பெற்றார். பின்னர் இந்தியரான டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மணம் புரியாது வாழ்ந்த ஐடா அம்மையார், கோடைக்கானலில் தம் இறுதி நாள்களைக் கழித்து 1960ஆம் ஆண்டு மே மாதம் தம் எண்பத்தொன்பதாம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் இட்ட அடித்தளத்தின்மேல் ஆராய்ச்சியும் வளர்ந்தது. நாற்பதுகளின் இறுதியில் டாக்டர் பால் பிராண்டு தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்யும் முறையை அங்கு உருவாக்கினார். குழந்தைகளின் உயிரைக் குடிக்கும் ரோட்டா வைரசு வயிற்றுப்போக்கைப் பற்றி அங்கு நெடுங்காலம் ஆராய்ந்தவர் பேராசிரியர் ககன்தீப் காங். அந்நோய்க்கான இந்தியத் தடுப்பு மருந்து மக்களிடையே ஆராயப்பட்ட இடங்களுள் வேலூரும் ஒன்று. அது 2016ஆம் ஆண்டில் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியப் பெண் அறிவியலார் அப்பேராசிரியரே ஆவார்.

முடிவுரை

ஐடா அம்மையார் கிறித்தவ சமயப் பணியாளர். தம் சமயத்தைப் பரப்புதலையும் கடமையாகக் கொண்டவர். அவர்தம் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. எனினும் நன்மையை எவர் செய்யினும் அதனை நன்மை என்று ஏற்பதே நடுநிலை.

மகளிர் மருத்துவப் பணி இஸ்லாத்திற்குப் புதியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் ருஃபைதா அம்மையார் பள்ளிவாசலை ஒட்டிக் கூடாரம் அமைத்துக் காயமுற்றோர்க்கு மருத்துவம் புரிந்தார். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள் அக்கூடாரத்திற்கே கொண்டு செல்லப்பட்டார்கள். இத்தகைய மரபுக்கு உரியவர்களாகிய நாம், திண்டிவனத்து வாயிலில் நின்று வெறுங்கையோடு திரும்பிய அம்முஸ்லிமை மறத்தல் ஆகாது. தம் இல்லப் பெண்களைப் பெண் மருத்துவரே பார்க்க வேண்டும் என்று விரும்புதல் தவறன்று. அவ்வாறு விரும்பும் சமுதாயம் தன் பெண்மக்களுள் சிலரையேனும் மருத்துவராகவும் செவிலியராகவும் ஆக்கித் தருதல் வேண்டும். அதனைச் செய்யாது பிறர் வீட்டுப் பெண்ணின் கல்வியை மட்டும் எதிர்நோக்கியிருத்தல் முறையாகாது.

பெரியோர்கள் தம் பேத்தியரின் மேற்படிப்பைப் பற்றி முடிவெடுக்கும்போதும், மாணவ மணிகள் தம் எதிர்காலத்தைத் திட்டமிடும்போதும் இதனை நெஞ்சிற் கொள்ளல் வேண்டும். மருத்துவர்க்குக் கிடைக்கும் மதிப்பு நம்மிடையே செவிலியர்க்குக் கிடைப்பதில்லை என்பதும் சிந்திக்கத்தக்கது. நான்கு கூறுகளுள் ஒன்றை இழிவாக எண்ணினால் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும். ஓரிரவின் துயரை ஒரு நூற்றாண்டின் நலமாக மாற்றிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவேயாகும்.