மனைவி பெயரில் இருந்த மாளிகை!

உலகத்தையே சிரிக்க வைத்தவர் மார்க் ட்வெய்ன். அவர் வீட்டுக் கணக்குப் புத்தகமோ சிரிக்கக் கூடியதாக இல்லை!

சாமுவேல் கிளெமென்ஸ் என்பது அவருடைய சொந்தப் பெயர். 1835-ல் அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்தில் பிறந்தார். அச்சுக்கோப்பவர், நதிக்கப்பல் மாலுமி, நிருபர் என்று பல வேலை பார்த்தார். 1870-ல் நிலக்கரி வியாபாரி ஒருவரின் மகள் ஆலிவியாவை மணந்தார். அதே ஆண்டில் மாமனார் காலமாகவே, ஆலிவியாவுக்குப் பெருஞ்சொத்து வந்தது. ஹார்ட்போர்டு நகரில் அந்தப் பணத்தில் எழும்பிய மாளிகை அவர் பெயரிலேயே இருந்தது.

முன்பெல்லாம் அங்கே மனைவியின் கைப்பொருள் கணவனுடையதாகவே கருதப்பட்டது. அவன் கடனுக்கு அதையும் ஜப்தி செய்யலாம். நியூயார்க் மாகாணம் 1848-ல் சட்டம் செய்து இதைத் தடுத்தது. மற்ற மாகாணங்களிலும் வழக்கம் மாறி வந்தது.

ட்வெய்னுக்கு இரண்டு மோகம். ஒன்று, சொந்தப் புத்தகக் கம்பெனி. மற்றொன்று, சுமார் 18,000 உறுப்புகள் கொண்ட அச்சுக்கோக்கும் இயந்திரம். ஒருநாள் ஓடும், மறுநாள் படுத்துவிடும்! ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் அதில் கரைந்தது. 1894 ஏப்ரலில் கம்பெனியும் திவாலாயிற்று.

கைகொடுத்தவர் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனிப் பிரமுகர் ஹென்றி ராஜர்ஸ். கெட்டிக்காரர்! புத்தகக் கம்பெனிக்கு ஆலிவியா 60,000 டாலருக்கு மேல் கடன் கொடுத்திருந்தார். எனவே கடன் கொடுத்தவர்களில் முதல் உரிமை அவருக்கே என்றார் ராஜர்ஸ். ட்வெய்னின் பதிப்புரிமைகளை ஆலிவியா பெயருக்கு மாற்றினார். மற்றவர்கள் கூச்சல் போட்டனர்; உரிமையோடு மாளிகையையும் கேட்டனர். ராஜர்ஸ் மசியவில்லை. மனைவியின் பணம் மெய்யாகவே கம்பெனியில் முடங்கிக் கிடந்ததுதான் அவருடைய பலம்.

ஆனால், தப்பித்துக்கொண்ட ஆலிவியாவுக்கே மனம் ஒப்பவில்லை. டாலருக்கு அரை டாலர் கொடுத்துத் தீர்த்துவிட வழியிருந்தது. அவரோ, சுமார் நூறு பேருக்கும் முழுக் கடனையும் கொடுத்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

அறுபதை நெருங்கிய ட்வெய்ன் 1895-ல் உலகப் பிரயாணம் புறப்பட்டார். ஊர் ஊராகப் பேசிப் பணம் சேர்த்தார். 1896-ல் கொழும்பு, பம்பாய், கல்கத்தா என்று சுற்றியபோது ஆலிவியாவும் கூடவே வந்தார். அந்த ஆகஸ்டில் மூத்த மகள் சூசி, 24 வயதில், ஹார்ட்போர்டு மாளிகையில் காய்ச்சலில் இறந்துபோனாள். தாய் அப்போது நடுக்கடலில், அவளைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்.

1898-ல் கடன் முழுவதும் தீர்ந்தது. அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய மாளிகையில் ஆலிவியா மீண்டும் குடியேறவே இல்லை. 1903-ல் அதை விற்றார்கள். மறு ஆண்டு அவர் இத்தாலியில் கண் மூடினார்.