கப்பம் கட்டி மதுரையைக் காப்பாற்றிய ராணி: யார் இந்த மங்கம்மாள்?

மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தா எதிரிலேயே இருக்கிறது மங்கம்மாள் சத்திரம். தினமும் அதைத் தாண்டிப் போகிற பலருக்கும் அவர் சாலை போட்ட, சத்திரம் கட்டிய ராணி. ஆனா, டெல்லியின் படை வாசலில் நின்றபோது நாட்டைக் கைவிட்டுப் போகாமல் காத்தவரும் அவர்தான்.

துருக்கியில் உஸ்மானியர், ஈரானில் சஃபாவியர், இந்தியாவில் முகலாயர். பீரங்கியும் துப்பாக்கியும் பெரும் பலம் சேர்க்க, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் உச்சம் தொட்ட மூன்று இஸ்லாமியப் பேரரசுகள் இவை. அந்த அலை தமிழகத்தைத் தொட்டது ஔரங்கசீப் காலத்தில்.

1686இல் பிஜப்பூர், 1687இல் கோல்கொண்டா. இரண்டு பெரிய சுல்தானகங்களையும் ஔரங்கசீப் விழுங்கிவிட்டார். மராட்டிய மன்னர் ராஜாராம் செஞ்சிக் கோட்டைக்கு வர, அவரைத் துரத்தி வந்தார் முகலாயத் தளபதி சுல்பிகர் கான். 1690இல் தொடங்கிய செஞ்சி முற்றுகை 1698 வரை நீடித்தது.

கைக்குழந்தையும் காலி அரியணையும்

மதுரை நாயக்கர்களின் தலைநகர் அப்போது திருச்சி. மங்கம்மாள், சொக்கநாத நாயக்கரின் மனைவி. கணவர் 1682இல் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகன் அரங்க கிருஷ்ண முத்துவீரப்பரையும் 1689இல் அம்மை நோய் கொண்டுபோனது. அதன்பிறகு பிறந்த பேரன் விஜயரங்க சொக்கநாதர் பெயரில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார் பாட்டி.

முகலாயப் பேரரசர் அனுப்பிய செருப்பை வணங்க மறுத்து, மகன் அதைத் தன் காலில் மாட்டிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. கேட்க ஜோரா இருக்கும். அம்மா போட்டது வேற கணக்கு. மோதினால் என்ன ஆகும் என்பதற்கு பிஜப்பூரும் கோல்கொண்டாவும் கண்முன் உதாரணம். அதனால் கப்பம் கட்டினார். முகலாயத் தளபதிக்கு விலை உயர்ந்த பரிசுகள் கொடுத்து, தஞ்சாவூர் பிடித்து வைத்திருந்த சில பகுதிகளை மீட்கவும் அந்த உறவைப் பயன்படுத்திக்கொண்டார்.

எல்லோரிடமும் பணிந்து போகவில்லை. பாக்கி வைத்த திருவிதாங்கூர் மீது 1697இல் தளவாய் நரசப்பையாவை அனுப்பி வென்றார். தஞ்சாவூரையும் பணிய வைத்தார். 1702இல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதியோடு மோதியதுதான் தப்புக்கணக்கு. அந்தப் போரில் நரசப்பையா இறந்தார். மறவர் சீமை கைநழுவியது.

கடைசி நாட்கள்

பேரன் வளர்ந்ததும் அதிகாரப் போட்டி வந்தது. மங்கம்மாளைச் சிறையில் அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று மதுரைப் பக்கம் இன்றும் சொல்வார்கள். இதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 1706 வாக்கில் அவர் காலம் முடிந்தது.

பேரன் 1732இல் வாரிசு இல்லாமல் இறக்க, அவர் மனைவி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். மறுபடியும் ஒரு விதவை ராணி, மறுபடியும் வடக்கிலிருந்து படை. இந்த முறை வந்தது ஆற்காடு நவாபின் மருமகன் சந்தா சாகிப். அவர் வாக்குறுதியை நம்பினார் மீனாட்சி. திருச்சி போனது, மதுரை போனது, நாயக்கர் ஆட்சியே முடிந்துபோனது.

மங்கம்மாள் கட்டிய கப்பத்தின் மதிப்பு அப்போதுதான் தெரிந்தது.