கட்டைவிரலில் பிறந்த இசை

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிப்டு முடிந்து, பேருந்திலிருந்து இறங்கி வரும் தந்தையரையும் அண்ணன்மாரையும் அக்காமாரையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். களைத்து வீடு திரும்பும் அவர்களுள் எத்தனை பேர் நெஞ்சில் பாட்டும் இசையும் உறங்கிக் கிடக்கின்றனவோ, யாரறிவார்? பகலில் தொழிற்சாலையில் உழைத்து, இரவில் கித்தார் வாசித்து, உலகப் புகழ் பெற்ற ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

அவர் பெயர் ஜான் லெஸ்லி மாண்ட்கோமரி. வெஸ் என்றே அனைவரும் அழைத்தனர். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில், 1923-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது அண்ணன் மங்க் வாங்கித் தந்த நான்கு தந்திக் கித்தாரே அவருடைய முதல் கருவி. ஆயினும் இருபதாவது வயதை நெருங்கியபோதுதான் இசையின் மீது உண்மையான தாகம் பிறந்தது. சார்லி கிறிஸ்டியன் என்னும் கித்தார் மேதையின் இசைத்தட்டைக் கேட்டார். ஆறு தந்திக் கித்தார் ஒன்றை வாங்கினார். ஆசிரியர் இல்லை, இசைக்குறிப்பைப் படிக்கவும் தெரியாது. இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, செவியையே குருவாகக் கொண்டு பயின்றார்.

இரவில் பயிற்சி செய்தால் வீட்டாரும் அண்டை வீட்டாரும் உறங்க வேண்டாமா? ஆகவே தந்தியை மீட்டும் சில்லை ஒதுக்கிவிட்டு, கட்டைவிரலின் சதையால் மெல்ல மீட்டலானார். பிறர் தூக்கம் கெடாதிருக்கச் செய்த அந்தச் சிறு செயலே, வேறெவரிடமும் இல்லாத மென்மையை அவர் இசைக்குத் தந்தது! ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் ஒருங்கே ஒலிக்கச் செய்வதிலும் அவர் இணையற்றவரானார்.

1948 முதல் 1950 வரை லயனல் ஹாம்ப்டனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். குடும்பத்தைப் பிரிந்திருக்க மனம் ஒப்பவில்லை, ஊர் திரும்பினார். பிள்ளைகள் பெருகிய குடும்பத்தைக் காக்க ஒரு வானொலிப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மாலையில் ஓர் இசை விடுதி, நள்ளிரவுக்குப் பின் மற்றொன்று என வாசித்தார். உறக்கத்திற்கு மிஞ்சியது சொற்ப நேரமே.

1959-இல் ஜாஸ் இசைஞர் கேனன்பால் ஆடர்லி அவர் வாசிப்பைக் கேட்டு வியந்து, இசைத்தட்டு நிறுவனத்தாரிடம் எடுத்துரைத்தார். அவ்வாண்டு அக்டோபரில், மெல்வின் ரைனின் ஆர்கனோடும் பால் பார்க்கரின் டிரம்ஸோடும் மூவர் குழுவாக நியூயார்க்கில் வாசித்தார். அப்போது அவருக்கு வயது 36.

மூவர் மட்டும் இசைப்பதில் என்ன இன்பம்? நம் ஆலயப் பாடற்குழுவில் இருப்போர் எளிதில் உணர்வர். பலர் சேர்ந்து பாடும்போது ஒருவரின் தவறு மறைந்துவிடும். மூவரிடையே மறைய இடமில்லை. ஒருவர் பேச, மற்ற இருவரும் செவிமடுத்து விடையிறுப்பது போன்றது அது. அவர்கள் எடுத்துக்கொள்வதோ எல்லோரும் அறிந்த பழைய பாடல்கள். நம் கச்சேரியில் தெரிந்த கீர்த்தனையை நிரவலும் கல்பனாஸ்வரமும் புதிதாக்குவதுபோல், ஜாஸ் கலைஞர் பழைய மெட்டை முதலில் காட்டி, பிறகு தம் கற்பனையால் விரிக்கின்றனர். பழகிய முகத்தில் புதிய புன்னகையைக் காண்பதே அதன் கவர்ச்சி.

பின்னாளில் வெஸ் பெரிய வாத்தியக் குழுக்களோடு வாசித்த இசைத்தட்டுகள் ஏராளமாக விற்றன. 1967-இல் கிராமி விருதும் கிடைத்தது. இசை எளிதாகிவிட்டதென விமர்சகர் சிலர் குறை கூறினர். ஆயினும் குடும்பம் வறுமையினின்று மீண்டது. அந்த நல்வாழ்வை அவர் நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1968 ஜூன் 15-ஆம் நாள், தம் 45-ஆம் வயதில், சொந்த ஊரிலேயே மாரடைப்பால் காலமானார்.

அன்புத் தங்கையரே! தாலந்து உவமையை நாம் அறிவோம். வெஸ் தம் தாலந்தை மண்ணில் புதைக்கவில்லை, கடமையையும் கைவிடவில்லை. ஆனால் எல்லாருக்கும் அவ்வாய்ப்பு கிட்டுவதில்லை. நமக்காக உழைப்பதிலேயே தம் தாலந்தை மறந்தவர் நம் வீட்டிலும் இருக்கலாம். இன்று மாலை வேலை முடிந்து வரும் தந்தையை முதலில் சற்றே இளைப்பாறச் செய்யுங்கள். பிறகு, இளமையில் அவர் விரும்பிப் பாடிய பாட்டு எதுவென்று கேளுங்கள்!