சிறையிலும் தளராத அமீர்

அல்ஜீரிய நாட்டின் முஅஸ்கர் நகருக்கு அருகே 1808ஆம் ஆண்டு பிறந்த அமீர் அப்துல் காதிர், மார்க்கக் கல்வியில் தோய்ந்தவர். 1832இல் குலத்தலைவர்கள் கூடி அவரை அமீராக ஏற்றனர். பதினைந்தாண்டுகள் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்றார். அவர்தம் போர்த்திறனைப் புகழ்வோர் பலர். கைதிகளை அவர் நடத்திய பாங்கை நினைப்போர் சிலரே. பிடிபட்ட பகைவரைத் துன்புறுத்தலாகாது என ஆணையிட்டவர் அவர். 1841இல் அல்ஜியர்ஸ் ஆயரின் வேண்டுகோளுக்கிணங்கிக் கைதிகளைப் பரிமாறிக்கொண்டார்.

1847 டிசம்பரில் அவரே கைதியானார். அலெக்சாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ அனுப்புவதாகத் தந்த வாக்கை நம்பியே வாளை ஒப்படைத்தார். வாக்களித்த அரசோ அவரையும் குடும்பத்தாரையும் தோழரையும் துலோனிலும் போ நகரிலும் வைத்திருந்து, 1848 நவம்பரில் அம்புவாஸ் கோட்டையில் அடைத்தது. குளிரும் ஈரமும் வெம்மைநாட்டு மக்களை வாட்டின. குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். கோட்டைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டனர். வாக்குறுதியைக் கைவிட்டுப் பிரான்சிலேயே தங்கினால் நிலமும் செல்வமும் தருவதாக ஆசை காட்டினர். அமீர் இசையவில்லை. மானமுள்ளவர் வேறென்ன செய்வார்? தொழுகையும் கல்வியும் அவரைத் தாங்கின. தந்த வாக்கை நிறைவேற்றுமாறு ஓயாது எழுதிவந்தார்.

1852 அக்டோபரில் லூயி நெப்போலியன் நேரில் வந்து விடுதலையை அறிவித்தார். புர்சாவில் சிலகாலம் வாழ்ந்து, 1855இல் திமிஷ்கில் குடியேறினார். 1860இல் அங்குக் கலவரம் மூண்டபோது, ஆயிரக்கணக்கான கிறித்தவர்களுக்கு அடைக்கலம் தந்து காத்தார். அவர் இல்லத்தில் உயிர்பிழைத்தோருள் பிரெஞ்சுத் தூதரும் ஒருவர். 1883இல் அந்நகரிலேயே அமீர் இறையடி சேர்ந்தார்.