ஜவ்வாது மலை வானில் ஒரு திருநாமம்: கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன்

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வுக்கூடத்தில் 1988-ஆம் ஆண்டு ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. சூரியனைச் சுற்றிவரும் அதற்கு 4130 என்னும் வரிசை எண்ணும், ராமாநுஜன் என்னும் திருநாமமும் அமைந்தன. அப்பெயருக்குரியவர் கும்பகோணம் சார்ங்கபாணிப் பெருமாள் ஸந்நிதித் தெருவில் வளர்ந்த கணிதமேதை.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த ஸ்ரீநிவாஸ ராமாநுஜனின் தந்தையார் ஜவுளிக்கடைக் கணக்கர். நாமக்கல் நாமகிரித் தாயார் குலதெய்வம். தமக்குத் தோன்றும் சூத்திரங்கள் யாவும் அத்தாயாரின் அநுக்ரஹமே என்பது அவருடைய துணிபு. கணிதம் நீங்கலான பாடங்களில் தவறிக் கல்லூரி உபகாரச் சம்பளத்தை இழந்தவர், 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் விடுத்த கடிதம் உலகப் பிரஸித்தம். ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதொன்றால் வகுபடாத எண் பகா எண் எனப்படும். ஓர் எல்லைக்குள் இத்தகைய எண்கள் எத்தனை என்பதை மிகத் துல்லியமாகக் கணிக்கும் சூத்திரம் தம்மிடம் உண்டென அவர் அக்கடிதத்தில் தெரிவித்திருந்தார். சிறிய எண்களில் அது வியக்கத்தக்கவாறு பொருந்தியது; பெரிய எண்களில் அவர் கூறிய துல்லியம் நிலைக்கவில்லை. இதனை மறைத்துப் புகழ் மட்டும் பாடுதல் அப்பெரியாருக்குச் செய்யும் மரியாதையாகாது. காட்சி அருளால் வாய்த்தாலும் நிரூபணம் உழைப்பால்தான் கைகூட வேண்டும். 1914-இல் கடல் கடந்து சென்று, அவ்வுழைப்பையே ஹார்டியுடன் மேற்கொண்டார்.

1916-இல் வெளியிட்ட கட்டுரையில் முடிவிலாப் பெருக்கம் ஒன்றை விரித்து, அதன் குணகங்களை ஆராய்ந்தார். அவை 1, கழித்தல் 24, 252, கழித்தல் 1472, 4830 எனச் செல்வன. டௌ என்னும் கிரேக்க எழுத்தால் இவை குறிக்கப்பெறும். ஓர் எண்ணின் வகுத்திகள் ஒவ்வொன்றையும் 11-ஆம் படிக்கு உயர்த்திக் கூட்டி, அவ்வெண்ணின் டௌ மதிப்பைக் கழித்தால், மிச்சம் 691 என்னும் பகா எண்ணால் சேஷமின்றி வகுபடும். உதாரணமாக, 3-இன் வகுத்திகள் 1, 3. கூட்டுத்தொகை 1,77,148, அதில் 252 போக 1,76,896. அது 691-இன் 256 மடங்கு. 1911-இல் வெளிவந்த அவருடைய முதற் கட்டுரையின் பொருளான பெர்னூலி எண்களிலும் இதே 691 தென்படுவது கருதத்தக்கது.

1918-இல் ராயல் சங்க உறுப்பினரானார். நோயுற்றுத் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதிலேயே, சென்னையில் பரமபதித்தார்.

டௌ மதிப்பு ஒற்றைப்படையாவது ஒற்றைப்படை வர்க்க எண்களுக்கு மட்டுமே. ஆதலின் அவ்வரிசையில் பகா எண் கிட்டுவது அரிது. அமெரிக்கக் கணிதர் லேமர் 1965-இல் முதலாவதைக் கண்டார். 251-இன் வர்க்கமான 63,001-ஆம் இடத்தில், கழித்தல் குறியுடன் நிற்கும் அந்த 26 இலக்கப் பகா எண் 80561663527802406257321747 ஆகும். டௌ மதிப்பு எங்கேனும் பூஜ்யமாகுமா என்று அவரே 1947-இல் எழுப்பிய வினாவுக்கு இன்றளவும் விடை கிட்டவில்லை.